வேண்டாம் என்று சொல்லும் மாணவரிடம் காசு பிடிக்காதீர்கள்: விமானப் பயிற்சிப் பள்ளிகளுக்கு ஒரு திறந்த மடல்

விமானப் பயிற்சிப் பள்ளிகளை நடத்துகிறவர்களுக்கும், அவற்றின் தலைமைப் பயிற்றுநர்களுக்கும்,

உங்களில் ஒரு பள்ளி ஒட்டியிருந்த சுற்றறிக்கையின் படம் சில மாதங்களுக்கு முன் என் செல்போனுக்கு வந்தது. அனுப்பியவன் என் தங்கை மகன். அங்கேதான் படிக்கிறான். சுற்றறிக்கையில் இரண்டே விஷயங்கள். ஒதுக்கப்பட்ட சார்ட்டியை (ஒரு தடவைப் பறப்பை) மாணவர் தாமாக ரத்து செய்தால், காரணம் எதுவானாலும், அந்த நேரத்துக்கான கட்டணத்தில் பாதி அவர் கணக்கிலிருந்து கழிக்கப்படும். அப்புறம், விமானத்தில் ஏதாவது ஸ்னாக் (கோளாறு) இருப்பதாகத் தோன்றினால், விமானத்தின் கோளாறுப் பதிவேடான டெக் லாக்கில் எழுதுவதற்கு முன் ஆபரேஷன்ஸ் மேசையில் சொல்லி ஒப்புதல் வாங்க வேண்டும்.

பள்ளியின் பெயரை எழுதவில்லை. வேறு பள்ளிகளில் படிக்கும் பிள்ளைகளிடம் கேட்டேன். அங்கும் இதே வழக்கம் உண்டாம், என்ன, காகிதத்தில் எழுதி ஒட்டவில்லை. அதனால்தான் எல்லோருக்குமாக எழுதுகிறேன்.

நான் சென்னையில் சிறிய விமானங்களைப் பழுது பார்த்தே காலம் கழித்து ஓய்வு பெற்றவன். துணி போர்த்திய புஷ்பக்கில் தொடங்கி செஸ்னா 152, 172 வரை என் கை படாத பாகம் இல்லை. இந்தச் சுற்றறிக்கை விபத்துக்கு வழி செய்து கொடுக்கிறது. எப்படி என்று விவரமாகவே சொல்கிறேன்.

அக்டோபரில் ஒரு மத்தியானம் என் மருமகனுக்கு சோலோ கிராஸ் கன்ட்ரி, அதாவது பயிற்றுநர் இல்லாமல் தனியாக வெளியூர் வரை பறக்கும் பயிற்சி, இருந்தது. விமானத்தைச் சுற்றி வந்து பரிசோதனை எல்லாம் முடித்துவிட்டான். வானிலை அறிக்கைப்படி பறக்கலாம். ஆனால் மேற்கே மேகம் ஒன்று குமுறிக்கொண்டு உயர்ந்தபடி இருந்திருக்கிறது. பயிற்றுநரைக் கேட்கலாம் என்றால் அவர் இன்னொரு மாணவரோடு வானத்தில் இருந்தார். போக வேண்டாம் என்று இவனே முடிவு செய்து, சாவியைத் திருப்பிக் கொடுத்துவிட்டு வந்தான். சாயங்காலத்துக்குள் இடியும் மழையுமாகக் கொட்டியது. மறுநாள் பார்த்தால் பாதிக் கட்டணம் கழிந்திருக்கிறது. "மழை வந்ததே சார்" என்று போய்க் கேட்டதற்கு, "நீ ரத்து பண்ணின நேரத்துல மழை இல்லையே" என்று பதில்.

அன்று ராத்திரி போனில் அவன் என்னிடம் சொன்னது: "மாமா, அடுத்த தடவை போயிடுவேன். அம்மாகிட்ட இன்னொரு தடவை காசு கேக்க முடியாது."

அந்த வார்த்தையைக் கேட்ட பிறகு என்னால் சும்மா இருக்க முடியவில்லை. ஒரு மணி நேரம் பறக்கப் பத்தாயிரம் ரூபாய்க்கு மேல் வாங்குகிறீர்கள். கமர்ஷியல் லைசென்ஸ் வாங்க 200 மணி நேரம் பறந்தாக வேண்டும். பல வீடுகளில் அது கல்விக் கடன், நகை, சொந்த வீட்டுப் பத்திரம். அந்தக் காசின் பயத்தை ஒரு இருபது வயதுப் பையனின் தலையில் ஏற்றிவிட்டு, அதே தலையால் மேகத்தைப் பார்த்துச் சரியாக முடிவெடு என்கிறீர்கள்.

சிறு விமானம் விழுந்தால் ஊரில் முதலில் வரும் பேச்சு, "எஞ்சின் நின்றுபோயிருக்கும்" என்பதுதான். எஞ்சின் நிற்பதும் உண்டு. ஆனால் அது சிறு பங்குதான். அமெரிக்காவின் விமான உரிமையாளர்கள், விமானிகள் சங்கம் பல ஆண்டுகளாக வெளியிட்டுவரும் ஆய்வுகளை எடுத்துப் பாருங்கள். சிறு விமான விபத்துகளில் சுமார் முக்கால் பங்குக்கு விமானியின் செயலோ முடிவோதான் காரணம் என்று திரும்பத் திரும்ப வருகிறது. "விமானியின் தவறு" என்று எழுதிக் கோப்பை மூடிவிடலாம். அந்த முடிவை அவர் எந்த நெருக்கடியில் எடுத்தார் என்று கேட்டால்தான் விஷயம் வெளியே வரும்.

அமெரிக்காவில் ஒருமுறை அப்படிக் கேட்டார்கள். 1996 ஏப்ரல் 11, வயோமிங் மாநிலம் ஷையென் நகரம். ஜெசிகா டுப்ராஃப் என்ற ஏழு வயதுச் சிறுமி, நாட்டின் ஒரு கரையிலிருந்து மறு கரைக்குப் பறந்து சாதனை படைக்கப் போகிறாள் என்று ஊரெல்லாம் பேச்சு. தொலைக்காட்சிக்காரர்கள் வழியெல்லாம் காத்திருந்தார்கள். அன்று காலை மழை, இடிமேகம். விமானத்தில் அனுமதித்ததைவிட அதிக எடை. ஓடுபாதையோ ஆறாயிரம் அடிக்கு மேல் உயரத்தில், காற்று மெலிந்த இடத்தில். ஆனாலும் கிளம்பினார்கள். மேலே ஏறிய சற்று நேரத்தில் விமானம் ஸ்டால் ஆகி, அதாவது இறக்கைகள் தூக்கும் சக்தியை இழந்து, விழுந்தது. சிறுமியும் அவள் அப்பாவும் பயிற்றுநரும் இறந்தார்கள். கெட்டுக்கொண்டிருந்த வானிலையில் கிளம்பிய பயிற்றுநரின் முடிவுதான் காரணம் என்று சொன்ன தேசியப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியம் அத்தோடு நிறுத்தவில்லை. ஊடகங்களுக்குக் கொடுத்த வாக்குக்காகப் பேராசையான பயணத் திட்டத்தை விடாமல் பிடித்துக்கொண்டதையும் விபத்துக்குத் துணைபோன காரணமாக எழுதியது. அங்கே காத்திருந்தது கேமரா. உங்கள் பள்ளியில் காத்திருப்பது ரசீது.

இன்னொன்றும் உங்களுக்குத் தெரிந்ததுதான். 1999 ஜூலை 16 இரவு, அமெரிக்க அதிபராக இருந்த ஜான் எஃப். கென்னடியின் மகன் தன் மனைவியோடும் மனைவியின் அக்காவோடும் ஒரு கல்யாணத்துக்காகப் பைப்பர் சாரடோகா என்ற சிறு விமானத்தில் பறந்தார். நினைத்த நேரத்துக்குக் கிளம்ப முடியவில்லை, இருட்டிவிட்டது. கீழே கடல், சுற்றிலும் மூட்டம், தொடுவானம் தெரியவில்லை. கருவிகளை மட்டும் பார்த்துப் பறப்பதற்கான தகுதி அவருக்கு இல்லை. திசையுணர்வு தவறி விமானம் கடலில் விழுந்தது.

இது யாருக்கும் நடக்கும். காதுக்குள் இருக்கும் சமநிலை உறுப்புக்கு மெதுவான திருப்பம் தெரியாது. மேகத்துக்குள் நுழைந்த விமானி, நேராகப் போகிறோம் என்று நம்பிக்கொண்டே சுழன்று இறங்குவார். 1954இல் இல்லினாய் பல்கலைக்கழகத்தில் இதைச் சோதித்துப் பார்த்தார்கள். கருவிப் பயிற்சி இல்லாத 20 விமானிகளை வெளியே எதுவும் தெரியாத நிலையில் பறக்க வைத்தார்கள். 20 பேருமே கட்டுப்பாட்டை இழந்தார்கள். அதற்கு ஆன நேரம் சராசரியாக 178 விநாடிகள். மூன்று நிமிடம்கூட இல்லை. நம் நாட்டிலும் 2001 செப்டம்பர் 30 அன்று, கான்பூர் பொதுக்கூட்டத்துக்குப் போய்க்கொண்டிருந்த முன்னாள் மத்திய அமைச்சர் மாதவராவ் சிந்தியாவின் சிறு விமானம் மோசமான வானிலையில் மெயின்புரி அருகே விழுந்தது.

என் மருமகன் அன்று எந்த மேகத்தைப் பார்த்து வேண்டாம் என்றானோ, அதற்குள் போயிருந்தால் அவனுக்கும் அந்த மூன்று நிமிடம்தான். அதைத் தவிர்த்ததற்குத்தான் அபராதம் போட்டீர்கள்.

சரி, வானிலை ஒரு பக்கம் இருக்கட்டும். தரையிறங்கக் கடைசியாகத் திரும்பும் அந்தத் திருப்பத்துக்கு வருகிறேன். கட்டுப்பாட்டை இழந்து ஸ்டால் ஆகி விழுவதுதான் சிறு விமானங்களில் உயிரை அதிகம் எடுக்கிறது. இறங்கும் நேரத்தில் அது நடக்கும் இடம் பெரும்பாலும் இந்தத் திருப்பம்தான். சென்னையில் பறந்தவர்களுக்கு நம் ஊர்க் காற்றைத் தெரியும். கோடையில் காலையெல்லாம் மேற்கிலிருந்து அடிக்கும், மத்தியானம் கடற்காற்று உள்ளே வந்ததும் திசை மாறிவிடும். காலையில் சரியாக அமைந்த திருப்பம் அதே இடத்தில் தொடங்கினாலும் மத்தியானம் ரன்வே கோட்டைத் தாண்டிப் போய்விடும். மாணவர் பதற்றத்தில் இன்னும் சாய்ப்பார், மூக்கைத் தூக்குவார், திசை திருப்பும் ரடர் பெடலை மிதிப்பார். நேராகப் பறக்கும்போது 50 நாட் வேகத்தில் ஸ்டால் ஆகும் விமானம், உயரம் விடாமல் 45 டிகிரி சாய்ந்து திரும்பினால் கிட்டத்தட்ட 60 நாட்டிலேயே ஸ்டால் ஆகும். 60 டிகிரி சாய்த்தால் 70 நாட். இறங்கும் வேகமே அதை ஒட்டித்தான் இருக்கிறது. அங்கே ஒரு இறக்கை விழுந்தால் கீழே மீதி இருப்பது சில நூறு அடி. எந்தக் கெட்டிக்காரராலும் மீட்க முடியாது.

இதற்கு மருந்து உங்கள் எல்லோருக்கும் தெரியும். விட்டுவிடு, சக்தியைக் கூட்டு, சுற்றி வந்து மறுபடி இறங்கு. கோ-அரவுண்ட். வகுப்பில் நீங்கள்தான் சொல்லித் தருகிறீர்கள். ஆனால் ஒரு சுற்று என்றால் இன்னும் ஆறேழு நிமிடம் மீட்டரில் ஏறும். ஒதுக்கிய நேரம் தாண்டினால் அடுத்த மாணவரின் நேரம் போகும், மேசையிலிருந்து ஏச்சு விழும். எதையும் ரூபாயில் கணக்குப் பார்க்கப் பழக்கப்பட்ட மாணவர் அந்த ஒரு நொடியிலும் கணக்குப் பார்ப்பார். ஹாங்கர் வாசலில் நின்று இறங்கும் விமானங்களைப் பார்த்தவன் நான். "விடு, விடு, சுத்திட்டு வா" என்று பக்கத்தில் நிற்கிற மெக்கானிக் முணுமுணுப்பார், விமானமோ பாதி ரன்வேயைத் தாண்டி எப்படியாவது தரையைத் தொட்டுவிட முயன்றுகொண்டிருக்கும்.

எரிபொருளும் அப்படித்தான். தீர்ந்துபோய் விழுந்த விமானங்கள் உலகம் பூராவும் உண்டு. வெறும் கூட்டல் கழித்தலில் தடுத்திருக்கக்கூடிய விபத்துகள். 1997இல் பாடகர் ஜான் டென்வர் கலிஃபோர்னியாவில் தன் சிறு விமானத்தில் கிளம்பும்போது, எரிபொருள் போடவா என்று கேட்டதற்கு வேண்டாம் என்றார். அந்த விமானத்தில் ஒரு டாங்க் தீர்ந்ததும் மற்ற டாங்குக்கு மாற்றும் கைப்பிடியோ அவர் இடது தோளுக்குப் பின்னால் இருந்தது. திரும்பி அதைப் பிடிக்கப் போன நேரத்தில் விமானம் கையை மீறி மான்டரே வளைகுடாவில் விழுந்தது. செஸ்னாவின் எரிபொருள் முள்ளை நம்பி யாரும் பறக்கக் கூடாது என்று நாங்கள் ஒவ்வொரு புதுப் பையனுக்கும் சொல்வோம். ஒருமுறை ஒரு விமானம் வந்து நின்றதும் இறக்கை மேல் ஏறி அளவுகோலை டாங்கில் விட்டுப் பார்த்தேன். முள் கால் டாங்க் காட்டிக்கொண்டிருந்தது. அளவுகோலின் நுனி மட்டும்தான் நனைந்து வந்தது. ஓட்டிவந்த பையன் கீழே நின்று என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான்.

எரிபொருளில் தண்ணீர் சேருவது நம் ஊருக்கென்றே உள்ள தொல்லை. வடகிழக்குப் பருவமழையில் ராத்திரி பூரா வெளியே நனைந்த விமானத்தின் டாங்க் மூடி ரப்பர் கொஞ்சம் காய்ந்திருந்தாலும் போதும், உள்ளே இறங்கிவிடும். காலையில் இறக்கையின் அடியில் கண்ணாடிக் குவளையை வைத்து அழுத்திப் பிடித்தால் நீல நிறத்தில் பெட்ரோல் வரும். அடியில் நிறமில்லாமல் ஒரு குமிழ் தனியாக உருளும். அதுதான் தண்ணீர். கொட்டிவிட்டு மறுபடி பிடிக்க வேண்டும், இறக்கையை லேசாக ஆட்டிவிட்டு இன்னொரு தடவையும் பிடிக்க வேண்டும். இதில் ஒரு ஆபத்து உண்டு. குவளை முழுக்கவே தண்ணீராக வந்தால் நடுவில் கோடே தெரியாது, "சுத்தமா இருக்கு" என்று அவசரத்தில் நினைத்துவிடலாம். நீலம் இருக்கிறதா என்று வெளிச்சத்தில் தூக்கிப் பார்க்க வேண்டும், மோந்து பார்க்க வேண்டும். இதற்கெல்லாம் நேரம் வேண்டும். முந்தைய சார்ட்டி தாமதமாக வந்து, அடுத்தவர் பின்னால் காத்திருக்கும்போது முதலில் காணாமல் போவது இந்த ஐந்து நிமிடம்தான்.

சென்னையில் எஞ்சினுக்குள் ஐஸ் கட்டும் என்றால் பிள்ளைகள் நம்ப மாட்டார்கள். கார்பரேட்டர் உள்ள விமானங்களில் கட்டும். பெட்ரோல் ஆவியாகும்போதும் குறுகிய வழியில் காற்று பாயும்போதும் உள்ளே வெப்பம் இருபது டிகிரிக்கு மேல் இறங்கிவிடக்கூடும். வெளியே முப்பது டிகிரி, காற்றில் ஈரம், சக்தியைக் குறைத்து இறங்கும் நேரம். மழைக்காலத்து மீனம்பாக்கத்துக்கு இது அப்படியே பொருந்தும். கார்பரேட்டர் ஹீட் குமிழை இழுத்தால் போதும், சரியாகிவிடும். சொல்லிக் கொடுத்தால்தான் இழுப்பார்கள். நேரம் மிச்சம் பிடிக்கிறோம் என்று தரை வகுப்பைச் சுருக்கினால் யார் சொல்லிக் கொடுப்பார்கள்?

கோடை இன்னொரு கணக்கு. மே மாதம் 40 டிகிரி அடிக்கும்போது, கடல்மட்டத்தை ஒட்டிய நம் ஓடுபாதை விமானத்தைப் பொறுத்தவரை சுமார் 3,000 அடி உயரத்தில் இருப்பது போல. காற்று மெலிந்துவிடும், ஓட்டம் நீளும், ஏற்றம் குறையும். 172இல் நாலு இருக்கை இருக்கிறது என்பதற்காக நாலு பெரியவர்களும் நிறைந்த டாங்கும் ஏறலாம் என்று அர்த்தமில்லை. எடைக் கணக்குத் தாளை முந்தின நாளிலிருந்து அப்படியே பார்த்து எழுதிக் கொடுக்கும் பழக்கத்தை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன்.

சாகசத்துக்காகத் தாழப் பறந்து விழுவதும் இந்தப் பட்டியலில் உண்டு. 1980 ஜூன் 23 அன்று டெல்லி சப்தர்ஜங் அருகே சஞ்சய் காந்தியின் பிட்ஸ் விமானம் அப்படி விழுந்ததை நாடே பார்த்தது. அதைத் தடுக்க விதிகள் போதும், கண்டிப்பு போதும். நான் சொல்வது விதியை மதிக்கிற, பயந்த, கடன்பட்ட பிள்ளைகளைப் பற்றி.

இனி உங்கள் இரண்டாவது விதி. ஸ்னாக் எழுத அனுமதி வேண்டும் என்ற அந்த விதியைப் படித்தபோது, பராமரிப்பில் இருந்தவன் என்ற முறையில் எனக்கு உடம்பு பதறியது. டெக் லாக்கில் ஒரு வரி விழுந்தால் பொறியாளர் பார்த்துக் கையெழுத்துப் போடும் வரை அந்த விமானம் பறக்காது. அதற்காகத்தான் அந்தப் புத்தகமே இருக்கிறது. 152இல் ரன்-அப் செய்யும்போது (கிளம்பும் முன் எஞ்சினை ஓட்டிப் பார்ப்பது), தீப்பொறி தரும் இரண்டு மேக்னெட்டோக்களில் ஒன்றை மட்டும் வைத்துப் பார்த்தால் எஞ்சின் சுழற்சி 125 ஆர்பிஎம்முக்கு மேல் இறங்கக் கூடாது. இறங்கினால் ப்ளக்கில் அழுக்காக இருக்கலாம், மேக்னெட்டோவே போய்க்கொண்டிருக்கலாம். எது என்று சொல்ல வேண்டியவர் பொறியாளர். ஸ்லாட் அட்டவணையைக் கையில் வைத்திருக்கும் மேசைக்காரரிடம் அந்தக் கேள்வி போனால் அவர் பார்ப்பது அன்றைய அட்டவணையைத்தான். வாயால் சொன்ன கோளாறு அடுத்த மாணவருக்குப் போய்ச் சேராது. அவர் அதே விமானத்தில் ஒன்றும் தெரியாமல் ஏறுவார்.

உங்கள் பக்கத்துச் சிரமமும் எனக்குத் தெரியாமல் இல்லை. விமானப் பெட்ரோல் விலை, இன்சூரன்ஸ், கப்பலில் வரும் உதிரிபாகங்கள், நல்ல பயிற்றுநர் கிடைக்காத பாடு. சொல்லாமல் கொள்ளாமல் வராமல் இருக்கும் மாணவர்களும் இருக்கிறார்கள். அவர்களால் விமானம் சும்மா நிற்கிறது, வரிசையில் நிற்கும் மற்றவர்களுக்கும் நஷ்டம். அவர்களிடம் கட்டணம் பிடியுங்கள், நான் குறுக்கே நிற்கவில்லை. ஆனால் தூங்கிப்போனவரையும், விமானத்தடிக்கு வந்து வானத்தைப் பார்த்துவிட்டு வேண்டாம் என்றவரையும் ஒரே தட்டில் வைக்காதீர்கள். இரண்டாமவர் உங்கள் விமானத்தையும் காப்பாற்றியிருக்கிறார்.

சட்டமும் அவர் பக்கம்தான். விமானத்துக்குப் பொறுப்பான விமானியின் முடிவே இறுதியானது என்று சர்வதேச விமானப் போக்குவரத்துக்கான சிகாகோ உடன்படிக்கையின் இரண்டாம் இணைப்பு சொல்கிறது. சோலோவில் அந்தப் பொறுப்பான விமானி மாணவர்தான். அவருக்கு அந்த அதிகாரத்தைக் கொடுத்துவிட்டு, அதைப் பயன்படுத்தினால் காசு பிடிப்பது என்ன நியாயம்? நாளைக்கு இதே பிள்ளைகள் 180 பேரை ஏற்றிக்கொண்டு மீனம்பாக்கத்தில் இறங்குவார்கள். அன்றைக்கு "வேண்டாம், திரும்பலாம்" என்று சொல்லத் தெரிய வேண்டும் என்றால் அதை இப்போதே, உங்களிடம்தான், பழக வேண்டும்.

1910லேயே பல்லாவரத்தில் விமானம் பறந்த ஊர் இது. திரிசூலம் ஸ்டேஷனில் ரயிலுக்கு நிற்கும்போதுகூடத் தலையைத் தூக்கி விமானத்தைப் பார்க்கும் பிள்ளைகள் இங்கிருந்து வருடா வருடம் உங்களிடம் வருகிறார்கள். பெற்றோர்களில் பலருக்கு ஸ்டால் என்றால் என்ன, ஸ்னாக் என்றால் என்ன என்று தெரியாது. உங்களை நம்பி அனுப்புகிறார்கள். நடிகை சௌந்தர்யா 2004 ஏப்ரலில் பெங்களூரு ஜக்கூரில் கிளம்பிய சற்று நேரத்தில் செஸ்னா விழுந்து இறந்துபோனதை இன்னும் மறக்காதவர்கள், சின்ன விமானம் என்றாலே பயப்படுகிறவர்கள், அந்தப் பயத்தை அடக்கிக்கொண்டு பிள்ளைகளை அனுப்புகிறார்கள்.

நான் கேட்பது இவைதான்.

ரத்துக் கட்டண விதியைத் திரும்பப் பெறுங்கள். வானிலை, உடல்நிலை, தூக்கமின்மை, விமானத்தின் நிலை ஆகிய காரணங்களுக்காகக் கிளம்பும் முன் மாணவர் சொல்லும் எந்த மறுப்புக்கும் ஒரு பைசாவும் பிடிக்கக் கூடாது. அவர் முடிவு பிற்பாடு தேவையில்லாத எச்சரிக்கையாகத் தெரிந்தாலும், அன்று மழையே பெய்யாமல் போனாலும் சரி. காரணத்தை ஒரு பதிவேட்டில் எழுதச் சொல்லுங்கள். தலைமைப் பயிற்றுநர் வாரம் ஒருமுறை அதைப் படித்து மாணவர்களோடு பேசட்டும். யாராவது சாக்குச் சொல்கிறார்கள் என்றால் அதிலேயே தெரிந்துவிடும்.

டெக் லாக்கில் எழுத யார் அனுமதியும் தேவையில்லை என்று எழுத்தில் அறிவியுங்கள். ஸ்னாக் எழுதிய மாணவரின் அடுத்த ஸ்லாட் தள்ளிப்போகாது என்பதையும் சேர்த்து எழுதுங்கள். பொறியாளருக்கும் மாணவருக்கும் நடுவில் மேசை வேண்டாம்.

கோ-அரவுண்டுக்கும், வானிலையால் பாதி வழியில் திரும்பி வருவதற்கும் ஆகும் கூடுதல் நேரத்துக்குக் கட்டணம் வாங்காதீர்கள். ஒரு மாணவருக்கு மாதத்தில் சில நிமிடங்கள்தான் வரும். உங்கள் கணக்கில் அது பெரிய தொகை ஆகாது.

சோலோவில் ஒரு மாணவர் இருக்கிறார் என்றால் தரையில் ஒரு பயிற்றுநர் இருந்தே ஆக வேண்டும், ரேடியோவுக்கு எட்டும் தூரத்தில். பறக்கும் முன் தரையில் கலந்து பேசும் நேரத்தையும், விமானத்தைச் சுற்றிப் பரிசோதிக்கும் நேரத்தையும் அட்டவணையிலேயே தனியாக ஒதுக்குங்கள். முந்தைய விமானம் தாமதமானால் பறக்கும் நேரம் குறையட்டும், இந்த நேரம் குறையக் கூடாது.

விமானப் போக்குவரத்துத் தலைமை இயக்குநரக அதிகாரிகள் இதைப் படித்தால் அவர்களுக்கும் ஒரு வேண்டுகோள். பள்ளிகளைத் தணிக்கை செய்யும்போது எஞ்சின் ஓடிய மணி நேரத்தையும் பயிற்றுநர் தகுதியையும் பார்ப்பது போலவே, கட்டண விதிகளையும் ரத்து விதிகளையும் வாங்கிப் பாருங்கள். பறக்க மறுத்தால் தண்டம் என்று எந்த வடிவில் இருந்தாலும் அதைப் பாதுகாப்புக் குறைபாடாக எழுதுங்கள்.

கடைசியாக, வானிலைக்காகவும் ஸ்னாக்குக்காகவும் பறக்க மறுத்த மாணவர்களிடம் இதுவரை பிடித்த தொகையை, என் மருமகனுக்கு மட்டுமல்ல, எல்லோருக்கும், அடுத்த சேர்க்கை தொடங்குவதற்குள் அவரவர் கணக்கில் திருப்பி வரவு வையுங்கள். யார் யாருக்கு எவ்வளவு என்று உங்கள் கணக்குப் பிரிவிலேயே பட்டியல் இருக்கிறது.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற விமானப் பராமரிப்புப் பொறியாளர் ஒருவர்,
நங்கநல்லூர், சென்னை